செல்லப்பிராணிக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா? சென்னையில் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாய் பூனை வளர்க்கிற எல்லோருக்கும் இன்சூரன்ஸ் தேவையில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அது நிஜமாகவே கைகொடுக்கும். நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்பதை பிரீமியம் தொகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, உங்கள் வெட் (கால்நடை டாக்டர்) பில் எந்த மாதிரி வருகிறது என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

ஏனென்றால் சென்னையில் நடக்கிற வைத்தியத்தில் பெரும்பகுதி அட்மிஷன் போட்டு நடப்பதில்லை. காலையில் கூட்டிக்கொண்டு போகிறோம், முன்னங்காலில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள், மத்தியானம் அந்த ஊசியோடும் பேண்டேஜோடும் வீட்டுக்குக் கூட்டி வருகிறோம், மறுநாள் காலை மறுபடியும் போகிறோம். இப்படியே ஐந்து நாள், ஏழு நாள் ஓடும். பணம் கணிசமாகக் கரைந்திருக்கும், ஆனால் பாலிசியின் கணக்கில் இது ஹாஸ்பிட்டலில் சேர்த்த கேஸ் ஆகாமல் போகலாம். பாலிசி எடுத்தும் பணம் வரவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நின்று கேட்டுப் பாருங்கள், பாதி நேரம் இதுதான் காரணமாக இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியை கம்பெனிகளின் பட்டியலில் ஆரம்பிக்காமல் உங்கள் வீட்டு அலமாரியில் ஆரம்பிக்கிறேன்.

படி 1: பழைய பில்களை மூன்றாகப் பிரியுங்கள்

தடுப்பூசி அட்டையோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு வைத்திருப்பீர்கள். இல்லாவிட்டால் ஜிபே, போன்பே ஹிஸ்டரியில் க்ளினிக் பெயரைத் தேடினால் வந்துவிடும். போன இரண்டு வருடத்துப் பில் போதும்.

முதல் குவியல், வழக்கமான செலவு: வருடாந்திர தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மாத்திரை, குளிப்பாட்டி முடி வெட்டுவது, தீனி, கருத்தடை ஆபரேஷன். இதற்கு சாதாரண பாலிசி எதுவும் பணம் தராது, எனவே இதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். இரண்டாவது குவியல், அட்மிஷன் இல்லாத நோய்ச் செலவு: தோல் அரிப்பு, காது சீழ், வயிற்றுப்போக்கு, உண்ணிக் காய்ச்சல், ரத்தப் பரிசோதனை, நான் மேலே சொன்ன தினசரி டிரிப்ஸ். மூன்றாவது குவியல், ஆபரேஷனும் அட்மிஷனும்.

இப்போது மற்ற இரண்டையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். பலருக்கு மூன்றாவது குவியல் காலியாகவே இருக்கும், இரண்டாவது தடிமனாக இருக்கும். அப்படி இருந்தால் ஆபரேஷன், ஹாஸ்பிட்டல் செலவை மட்டும் தருகிற அடிப்படைப் பாலிசி இதுவரை உங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தந்திருக்காது. இனிமேல் தருமா என்பது அடுத்த படி.

குட்டி இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது, பழைய பில் எதுவும் இல்லை என்றால் நேராக இரண்டாவது படிக்குப் போங்கள்.

படி 2: உங்கள் வீட்டுப் பிராணிக்கு என்ன வரக்கூடும்

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், இங்கேதான் முடிவின் பாதி இருக்கிறது.

உண்ணிக் காய்ச்சல். சென்னையின் வெயிலும் ஈரப்பதமும் உண்ணிக்கு வருடம் முழுவதும் பொருந்திப்போகிறது. எர்லிக்கியா, பபீசியா என்ற இரண்டு கிருமிகளும் உண்ணிக் கடி வழியாக வருபவை. நாய் சாப்பிடாது, ஈறு வெளுக்கும், பிளேட்லெட் இறங்கும், மூக்கில் ரத்தம் வரும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை சுமார் நான்கு வாரம் போகும், நடுவில் திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை. இந்தச் செலவு கிட்டத்தட்ட முழுவதும் இரண்டாவது குவியலில்தான் விழும். ரத்தம் மிகவும் குறைந்து, வேறொரு நாயிடமிருந்து எடுத்து ஏற்ற வேண்டிய நிலை வந்தால்தான் அது அட்மிஷன் கேஸ் ஆகும்.

பார்வோ, குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் ரத்த வயிற்றுப்போக்கும் கொண்டுவருகிற வைரஸ். குட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் பயப்படுகிற நோய், பயப்பட வேண்டியதுதான். ஆனால் பாலிசியோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்: பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு மூன்று மாத வயதுக்கு முன்னால் சேரவே முடியாது, சேர்ந்த பிறகு நோய்களுக்கு சில வாரம் வெயிட்டிங் பீரியட் (பணம் தராத காத்திருப்புக் காலம்) உண்டு, தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய் தடுப்பூசி போடாத நாய்க்கு வந்தால் பணம் கிடையாது என்ற விதியும் கூடவே இருக்கும். குட்டிகளுக்கான தடுப்பூசி வரிசை ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி பதினாறு வாரம் வரை போகிறது. அதாவது பார்வோ அதிகமாகத் தாக்குகிற அந்த வயதில் பாலிசி கிட்டத்தட்ட பயன்படாது. பார்வோவுக்குப் பயந்து இன்சூரன்ஸ் எடுப்பதாக இருந்தால் அந்தப் பணத்தைத் தடுப்பூசிக்குச் செலவிடுங்கள், வரிசை முடிகிற வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

எலிக் காய்ச்சல் வடகிழக்குப் பருவமழை சமயத்தில் தேங்கிய நீர் வழியாக வரும். இதற்கும் தடுப்பூசி உண்டு, எனவே இதற்கும் அதே விதி.

பெண் நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை என்றால் கர்ப்பப்பையில் சீழ் கோத்துக்கொள்கிற பயோமெட்ரா. நடுவயதுக்கு மேல் வரும், ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்த சில வாரங்களில் தண்ணீர் அதிகமாகக் குடிக்கும், சோர்ந்து படுக்கும், சீழ் வெளியே வராத வகை என்றால் வீட்டில் யாருக்கும் தெரியாமலே முற்றிவிடும். அவசர ஆபரேஷன்தான் வழி, செலவும் பெரியது. இன்சூரன்ஸ் உதவக்கூடிய கேஸ் இது. ஆனால் முன்கூட்டியே கருத்தடை செய்துவிட்டால் இந்த ஆபத்தே போய்விடும், பிரீமியமும் மிச்சம்.

முழுங்கிய பொருள். நம் ஊரில் ஏப்ரல் முதல் ஜூலை வரை இதில் முதல் குற்றவாளி மாங்கொட்டை. லேப்ரடார், கோல்டன், பீகிள் வைத்திருப்பவர்கள் மாம்பழ சீசனில் குப்பைக் கூடையை உயரத்தில் வையுங்கள், தயவுசெய்து. கொட்டை சிறுகுடலில் போய் அடைத்துக்கொண்டால் எக்ஸ்ரேயில் எலும்பு மாதிரி தெளிவாகத் தெரியாது, ஸ்கேன் எடுக்க வேண்டும், வயிற்றைத் திறக்க வேண்டும், அதன் பிறகு மூன்று நான்கு நாள் கண்காணிப்பு. இது மூன்றாவது குவியலின் சரியான உதாரணம், எந்த முன்வரலாறும் இல்லாத நாய்க்கு ஒரே ராத்திரியில் வரும்.

இனத்தைப் பொறுத்தும் மாறும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு. பக், ஷிட் ஸுவுக்கு மூச்சும் கண்ணும், மே மாத வெயிலில் ஹீட் ஸ்ட்ரோக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை மாதிரி நம் நாட்டு இனங்களும், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கிற நாய்களும் பொதுவாகத் திடமானவை. ராஜபாளையத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறப்பது தெரிந்த விஷயம், ஆனால் அது பிறவிக் குறை, பாலிசிகள் பிறவிக் குறைகளை வழக்கமாகவே விலக்கி வைக்கும்.

பூனை என்றால் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு: மணல் தொட்டியில் போய்ப் போய் உட்காரும், ஒரு சொட்டும் வராது, ஒரு நாள் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து, குழாய் போட்டு அட்மிஷன் தேவைப்படும். இன்னொன்று அபார்ட்மெண்ட் பால்கனியிலிருந்து விழுவது. பால்கனிக்கு வலை அடித்துவிட்டால் இரண்டாவதை மறந்துவிடலாம்.

ஏரியாவையும் பாருங்கள். தாம்பரம் தாண்டியோ ஓஎம்ஆர், ஈசிஆர் உட்பகுதியிலோ காலி மனைகளுக்கு நடுவில் வீடு என்றால் பாம்புக் கடி நிஜமான ஆபத்து. மெயின் ரோட்டை ஒட்டிய வீடு, கேட் அடிக்கடி திறந்து கிடக்கும் என்றால் வண்டி மோதுவது.

படி 3: எங்கே கொண்டு போவீர்கள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்

வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஹாஸ்பிட்டல் இருக்கிறது. கல்லூரி 1903-இல் தொடங்கியது, 1989-லிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. கண், எலும்பு, தோல் என்று தனித்தனிப் பிரிவுகள், அவசர சிகிச்சைக்கு ராத்திரியும் திறந்திருக்கும், கட்டணம் தனியாரை ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதற்கு நீங்கள் கொடுக்கிற விலை நேரம்: காலையிலேயே போய் சீட்டுப் போட்டு வரிசையில் நிற்க வேண்டும், மிரண்டு போகிற நாயை அந்தக் கூட்டத்தில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், ஒரு நாள் லீவு போட வேண்டும்.

போரூரிலோ பெரும்பாக்கத்திலோ இருந்துகொண்டு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், சோர்ந்து கிடக்கிற முப்பது கிலோ நாயை வேப்பேரிக்குத் தொடர்ந்து ஐந்து நாள் கொண்டுபோக முடியுமா? முடியும் என்றால் உங்கள் பெரிய பில் சிறியதாகிவிடும், இன்சூரன்ஸின் தேவையும் அதோடு குறையும். முடியாது, பக்கத்துத் தனியார் ஹாஸ்பிட்டல்தான் என்றால், அங்கே போய் இன்றைக்கே விலை கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். "டாக்டர், ஒரு நாள் அட்மிஷனுக்கு என்ன ஆகும்? பயோமெட்ரா ஆபரேஷன் என்றால் மொத்தமாக எவ்வளவு வரும்? ராத்திரி இங்கேயே வைத்துக்கொள்வீர்களா, வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா?" இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ராத்திரி வைத்துக்கொள்ளும் வசதியே இல்லாத க்ளினிக்கை நம்பியிருக்கிறவருக்கு, அட்மிஷன் செலவை மட்டும் தருகிற பாலிசியால் பெரிய பிரயோஜனம் இல்லை.

படி 4: பாலிசி வாசகத்தைப் படிக்கும் முறை

நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல் மாதிரி பொதுத்துறை கம்பெனிகளின் நாய்ப் பாலிசி ரொம்ப காலமாக இருக்கிறது. மாட்டு இன்சூரன்ஸ் போலவே அதன் மையம் பிராணி இறந்தால் அதன் விலையைத் தருவது. தனியாரில் பஜாஜ் அலையன்ஸ் 2020-இல் ஆபரேஷன், ஹாஸ்பிட்டல் செலவை அடிப்படையாக வைத்து நாய்ப் பாலிசி கொண்டுவந்தது. டிஜிட், ஃப்யூச்சர் ஜெனராலி, ஹெச்டிஎஃப்சி எர்கோ என்று மற்றவையும் வந்தன. கம்பெனிகளும் திட்டங்களும் பெயர் மாறிக்கொண்டே இருக்கின்றன, விதிகளும் மாறுகின்றன. அதனால் எது நல்லது என்று யாரிடமும் கேட்காதீர்கள். விளம்பரப் பக்கத்தை மூடிவிட்டு, பாலிசி வாசகம் முழுவதும் உள்ள பிடிஎஃப்-ஐயும் வாடிக்கையாளர் தகவல் தாளையும் இறக்கிக்கொண்டு கீழே சொல்வதைத் தேடுங்கள்.

ஹாஸ்பிட்டல் சேர்க்கை என்பதற்கு விளக்கம் என்ன எழுதியிருக்கிறது? இத்தனை மணி நேரம் என்று இருக்கிறதா? ராத்திரி தங்க வேண்டுமா? தினமும் வந்து டிரிப்ஸ் ஏற்றிப் போவதை ஏற்றுக்கொள்கிறார்களா? விளக்கம் மொட்டையாக இருந்தால் மெயில் போட்டுக் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். போனில் ஏஜென்ட் "அதெல்லாம் வரும் சார், பாத்துக்கலாம்" என்று சொன்னால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள், நாளைக்கு க்ளெய்ம் பார்க்கப் போகிறவர் அந்த ஏஜென்ட் இல்லை.

அடுத்தது ஏற்கெனவே இருந்த நோய். தோல் அலர்ஜிக்குப் போன வருடம் வைத்தியம் பார்த்திருந்தால், இந்த வருடம் அதே அலர்ஜிக்குப் பணம் வராது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: பாலிசியை ஒரு மாதம் புதுப்பிக்காமல் விட்டாலோ வேறு கம்பெனிக்கு மாறினாலோ, நடுவில் வந்த உண்ணிக் காய்ச்சல்கூடப் புதுக் கம்பெனிக்கு ஏற்கெனவே இருந்த நோய் ஆகிவிடும். எனவே எடுத்தால் விடாமல் கட்டுகிற மாதிரி எடுக்க வேண்டும்.

வயது வரம்பு. சேருகிற வயதுக்கும் முடிகிற வயதுக்கும் தனித்தனி வரம்பு இருக்கும், பெரிய உருவ இனங்களுக்கு இன்னும் சீக்கிரமே கதவு சாத்தப்படும். சிறுநீரகம், இதயம், கட்டி எல்லாம் எட்டு வயதுக்கு மேல்தான் வரிசை கட்டி வரும். தொடர்ந்து புதுப்பித்தால் எத்தனை வயது வரை தருவார்கள், அதற்குப் பிரீமியம் எப்படி ஏறும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கோ-பே, கழிவுத் தொகை, நோய்க்கான தனி உச்சவரம்பு: மூன்றும் வேறு வேறு, மூன்றும் ஒரே பாலிசியில் இருக்கலாம். கோ-பே என்றால் பில்லில் இத்தனை சதவீதம் உங்களுடையது. கழிவு என்றால் ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் இத்தனை ரூபாய் உங்களுடையது. உச்சவரம்பு என்றால் பாலிசித் தொகை ஒரு லட்சமாகவே இருந்தாலும் இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவுதான்.

நாட்டு நாய், கலப்பினம், தத்தெடுத்த பூனை இவற்றை ஏற்கிறார்களா என்பதையும் பாருங்கள். சில பாலிசிகள் ஏற்கின்றன, சில வம்சாவளிச் சான்று கேட்கின்றன.

இறப்புக்கான தொகை, களவு போனால் தொகை என்று கூடுதல் பிரிவுகள் வரும். என் கருத்தில் வீட்டில் வளர்க்கிற நாய்க்கு இறப்புத் தொகை தேவையே இல்லை. வாங்கிய விலை திரும்ப வருவதால் உங்கள் வெட் செலவு குறையப்போவதில்லை. களவுப் பிரிவுக்குப் போலீஸ் புகார், பல சமயம் எஃப்ஐஆர் கேட்பார்கள். ஸ்டேஷனில் பெரும்பாலும் கையில் கொடுப்பது சிஎஸ்ஆர் ரசீதுதான், அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு. அது போதுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில் ஓடிப்போன நாய்க்கு இந்தப் பிரிவு பொருந்துமா என்பதும் பாலிசிக்குப் பாலிசி மாறும், காணாமல் போவது வேறு, திருட்டு வேறு.

படி 5: பேப்பரும் பேனாவும்

இனி வருவது உதாரணக் கணக்கு, உங்கள் எண்களைப் போட்டு நீங்களே செய்ய வேண்டும்.

பிரீமியம் 5,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் 900, ஆக வருடத்துக்கு 5,900. நம்முடைய ஹெல்த் பாலிசிக்குக் கிடைக்கிற 80டி வரிச்சலுகை இதற்குக் கிடையாது. இப்போது மாங்கொட்டை கேஸை எடுத்துக்கொள்வோம். மொத்தப் பில் 40,000 என்று வையுங்கள். அதில் தீனி, கழுத்துக் கூம்பு, டயப்பர் பேட், பதிவுக் கட்டணம் என்று 5,000-ஐ கம்பெனி ஏற்காமல் கழித்துவிடுகிறது. மிச்சம் 35,000-இல் கோ-பே 20 சதவீதம், அதாவது 7,000 உங்களுடையது. கைக்கு வருவது 28,000. இதை 5,900-ஆல் வகுத்தால் 4.7 சொச்சம் வருகிறது. அதாவது ஏறக்குறைய ஐந்து வருடத்தில் ஒரு முறையாவது இந்த அளவு கேஸ் வந்தால் போட்ட பணம் திரும்பும். இரண்டாவது படியில் எழுதிய ஆபத்துகளை வைத்துப் பாருங்கள், உங்கள் நாய்க்கு அது நடக்கக்கூடியதா?

இதே இடத்தில் அட்மிஷன் இல்லாத செலவுக்கான ஓபிடி பிரிவையும் சோதியுங்கள். கூடுதல் பிரீமியம் 4,000, ஜிஎஸ்டியோடு 4,720 என்று வையுங்கள். ஒவ்வொரு விசிட்டுக்கும் 500 கழிவு. வருடத்தில் ஆறு முறை போகிறீர்கள், ஒவ்வொன்றும் 1,200 ஆகிறது என்றால் ஒரு விசிட்டுக்கு 700 வீதம் 4,200 திரும்ப வரும். கட்டியதைவிடக் குறைவு, ஆறு முறை பேப்பர் அனுப்பிய வேலை தனி. தீராத தோல் நோய், சர்க்கரை மாதிரி மாதாமாதம் போக வேண்டியிருப்பவர்களுக்குத்தான் ஓபிடி லாபமாகத் தெரியும், ஆனால் அந்த நோய் பாலிசிக்கு முன்பே வந்திருந்தால் அதுவும் அடிபட்டுவிடும்.

மாற்று வழி, மாதம் 500 ரூபாயைத் தனியே போடுவது. வருடத்துக்கு 6,000, பிரீமியத்துக்கு ஏறக்குறைய சமம், எதுவும் நடக்காவிட்டால் பணம் உங்களுடையதாகவே இருக்கும், வயது வரம்பு இல்லை, எந்த நோய்க்கும் எடுக்கலாம், வேப்பேரி போகும் ஆட்டோவுக்கும் எடுக்கலாம். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: எட்டாவது மாதம் ஆபரேஷன் வந்தால் கையில் 4,000 மட்டுமே இருக்கும். அதனால் சேமிப்பு வழியை எடுப்பவர் முதல் நாளே ஒரு மொத்தத் தொகையோடு ஆரம்பிக்க வேண்டும். அதில் ஒரு பங்கு யுபிஐ-யில் உடனே அனுப்பக்கூடிய தனி சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும், மிச்சம் ஆர்டியிலோ எஃப்டியிலோ போகட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ரிசப்ஷனில் முன்பணம் கேட்கும்போது போஸ்ட் ஆபீஸ் ஆர்டியால் உதவ முடியாது.

இன்சூரன்ஸ் எடுத்தாலும் இந்தக் கைப்பணம் வேண்டும் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. செல்லப்பிராணி பாலிசிகளில் வழக்கமாக நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்ப வாங்குகிறீர்கள். நம் ஹெல்த் கார்டை நீட்டுவது மாதிரி நீட்ட முடியாது. பணம் வர வாரக்கணக்கில் ஆகலாம்.

படி 6: கடித்துவிட்டால்?

வெட் பில்லோடு சம்பந்தமில்லாத மாதிரி தெரியும், ஆனால் பெரிய நாய் வைத்திருப்பவர்களுக்குப் பாலிசியில் மிகவும் பெறுமதியான பிரிவு மூன்றாம் நபர் பொறுப்புதான் (உங்கள் நாயால் வேறொருவருக்குக் காயமோ சேதமோ ஆனால் தர வேண்டிய நஷ்டஈடு) என்பது என் உறுதியான எண்ணம். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி ஒன்று நடந்தால் சிகிச்சைச் செலவும் நஷ்டஈடும் லட்சங்களில் போகும், எந்த ஆர்டியும் தாங்காது. அபார்ட்மெண்டில் லிஃப்ட், மாடிப்படி, குழந்தைகள் விளையாடும் இடம் என்று ஒரு நாளில் எத்தனை பேரைக் கடந்து போகிறது உங்கள் நாய் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பிரிவு தருவது நஷ்டஈட்டுப் பொறுப்பை மட்டும். கவனக்குறைவாக விலங்கை விட்டதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வரலாம், அதை எந்தக் கம்பெனியும் ஏற்காது. மாநகராட்சி லைசென்ஸும் ரேபிஸ் தடுப்பூசியும் இல்லாத நாய்க்காக இந்தப் பிரிவில் க்ளெய்ம் கேட்டுப் போனால் நிலைமை உங்களுக்குச் சாதகமாக இருக்காது. சென்னை மாநகராட்சி லைசென்ஸ் கட்டணம் 2025-இல் ஐம்பது ரூபாய்தான் இருந்தது, அந்த வருடத்திலிருந்து மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சிப்) கேட்கிறார்கள். இன்னும் செய்யாதவர்கள் இன்சூரன்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை முடியுங்கள்.

யாருக்கு எது

வேப்பேரி போகத் தயாராக இருக்கிறவர், நாட்டு நாய் அல்லது வீட்டை விட்டு வெளியே போகாத பூனை, கருத்தடை ஆகிவிட்டது, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது: பாலிசி வேண்டாம், மாதம் தவறாமல் பணம் போடுங்கள். என் வீட்டில் ஒரு நாட்டு நாயும் ஒரு பூனையும்; நான் செய்வது இதுதான்.

இரண்டு வயதுக்குள் இருக்கிற லேப்ரடார், கோல்டன், ஷெப்பர்டு, ராட்வைலர் மாதிரி நாய், ராத்திரி வைத்துக்கொள்கிற தனியார் ஹாஸ்பிட்டலையே நம்புகிறவர், திடீரென்று ஐம்பதாயிரம் எடுத்து வைக்கச் சிரமப்படுகிறவர்: ஆபரேஷனும் ஹாஸ்பிட்டலும், மூன்றாம் நபர் பொறுப்பு, இவை மட்டும் உள்ள பாலிசியை எடுங்கள். மற்ற பிரிவுகளைக் கழற்றிவிடுங்கள். கூடவே மாதம் ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாருங்கள். நாலைந்து வருடத்தில் அந்தச் சேமிப்பு தன் காலில் நிற்கும், அப்போது பிரீமியம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துத் தொடரலாமா விடலாமா என்று தீர்மானிக்கலாம்.

எட்டு வயதைத் தாண்டிய நாய் என்றால் பாலிசி தேடி அலைய வேண்டாம். அந்த முதல் வருடப் பிரீமியப் பணத்தில் ஒரு முழு ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்துவிடுங்கள், சிறுநீரகமும் மண்ணீரலும் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் அதுவே பெரிய உதவி.

எடுக்க முடிவு செய்துவிட்டால்

விண்ணப்பத்தில் பழைய வைத்தியம் எதையும் மறைக்காதீர்கள். க்ளெய்ம் சமயத்தில் வெட்டின் பழைய கேஸ் ஷீட்டைக் கேட்பார்கள், அதில் தேதியோடு இருக்கும். சிப்பின் 15 இலக்க எண்ணை விண்ணப்பத்திலும் தடுப்பூசி அட்டையிலும் ஒரே மாதிரி எழுதுங்கள், நாயின் பெயர் எழுத்துக்கூட்டல் உட்பட. முகம், இடது பக்கம், வலது பக்கம், ஏதாவது மச்சம் தழும்பு இருந்தால் அது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

இனிமேல் பில் வாங்கும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். பல க்ளினிக்குகளில் சின்னத் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தருவார்கள், அது செல்லாது. லெட்டர்ஹெட், டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, சீல், நாயின் பெயர், உங்கள் பெயர், என்ன நோய் என்ற முடிவு, ஒவ்வொரு ஊசிக்கும் பரிசோதனைக்கும் தனித்தனித் தொகை, எல்லாம் இருக்கட்டும். நாய்க்கு எழுதிக் கொடுக்கிற மருந்தில் பாதி சாதாரண மெடிக்கல் ஷாப்பில் வாங்குவதுதான். அங்கே பில்லில் நோயாளி பெயர் என்ற இடத்தில் நாயின் பெயரோடு உங்கள் பெயரையும் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரை என்று கம்பெனி தள்ளிவிட இடம் கொடுத்த மாதிரி ஆகும்.

அட்மிஷன் போட்ட அன்றே கம்பெனிக்கு மெயிலோ ஆப்பிலோ தெரிவித்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது சேர்த்த தேதி நேரம், அனுப்பிய தேதி நேரம், ஏன் ஹாஸ்பிட்டலில் வைக்க வேண்டியிருந்தது என்ற ஒரு வரி, இந்த மூன்றும் சம்மரியில் இருக்கிறதா என்று நின்று பார்த்து வாங்குங்கள். டாக்டர்கள் மறுப்பதில்லை, கூட்டத்தில் எழுத விட்டுப்போகிறது, அவ்வளவுதான்.

பணம் தர மறுத்தால்

எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும், இதைத் தாண்டாமல் மேலே போக முடியாது. ஒரு மாதத்தில் பதில் வரவில்லை அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம், கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடமும் போகலாம். நமக்கான ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஹாஸ்பிட்டல் சேர்க்கை பற்றி நீங்கள் முன்பே கேட்டு வாங்கி வைத்த அந்த மெயிலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் புகாரோடு இணைத்துக் கொடுங்கள்.